112, 108, 105, 84: ஒரு தந்தியில் கிரேக்கச் சுருதி

பண்டைய கிரேக்க இசையைக் கேட்டவர் எவரும் இன்றில்லாதபோது, அதன் சுருதியில் இன்றைய இசையமைப்பாளர்கள் புதிய இசையை எப்படி அமைக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒலி அழிந்துவிட்டாலும் கணக்கு எஞ்சியிருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தெற்கு இத்தாலியின் தாரெந்தம் நகரில் வாழ்ந்த கணித அறிஞர் ஆர்க்கிடாஸ் வகுத்த விகிதங்களை, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் வானியல் அறிஞர் தாலமி தம் இசை நூலில் எழுதிவைத்தார்.

தந்தியின் நீளம் குறைந்தால் அதிர்வெண் அதே விகிதத்தில் கூடும் என்பது பள்ளிப்பாடம். கிரேக்க இசையின் அடிப்படை அலகு நான்கு சுரங்கள் கொண்ட ஒரு கட்டு. அதன் இரு முனைகளும் 4:3 என்ற விகிதத்தில், நம் ஷட்ஜமும் சுத்த மத்திமமும் போல, அசையாமல் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு சுரங்கள் மட்டுமே இடம் மாறும். அவ்வாறு அமையும் மூன்று வகைகளில் என்ஹார்மோனிக் என்பதே என்னை மிகவும் ஈர்ப்பது.

112 செ.மீ. நீளமுள்ள தந்தியில் அதை அமைத்துப் பார்ப்போம். ஆர்க்கிடாசின் கணக்குப்படி, தந்தியை அடுத்தடுத்து 108, 105, 84 செ.மீ. நீளங்களில் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு நகர்வுகள் 4 செ.மீ., 3 செ.மீ. மட்டுமே, மூன்றாவதோ 21 செ.மீ. தாவல். முழுத் தந்தி 300 ஹெர்ட்ஸில் ஒலித்தால், மற்றவை ஏறத்தாழ 311, சரியாக 320, 400 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 320இன் ஐந்தாம் மடங்கும் 400இன் நான்காம் மடங்கும் 1600தான் என்பதால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது அவற்றின் மேற்சுரங்கள் (ஒரு சுரத்தோடு தாமே சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்கு அதிர்வுகள்) ஒன்றோடொன்று இழைந்து, விம்மல் (ஒலி கூடிக் குறைந்து துடிப்பது) இல்லாத அமைதியான ஒலி பிறக்கிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கும் பியானோவின் சம இடைவெளிச் சுருதியில், 400இல் நிற்க வேண்டிய சுரம் 403 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே போய்விடுவதால், நொடிக்குப் பதின்மூன்று விம்மல்கள் வரை எழுகின்றன. நெருங்கி உரசும் இரு சிறு படிகளுக்குப் பின் அந்தத் தூய இடைவெளி திறப்பதைக் கேட்கும்போது உண்டாகும் நிறைவு எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

மெட்டுக்கும் இங்கே ஒழுங்கு உண்டு. இரண்டு சிறு படிகள் ஏறிய குரல் மூன்றாவதாக இன்னொரு சிறு படி ஏறாது, பெரிய தாவலையே எடுக்கும் என்கிறார் பண்டைய கிரேக்க இசையியலாளர் அரிஸ்டாக்சீனஸ். அமெரிக்காவின் ஹாரி பார்ச் (1901–1974) ஸ்தாயியை 43 சுரங்களாகப் பிரித்து, அவற்றுக்கென்றே கருவிகளையும் செய்துகொண்டவர். அவர் 1946இல் கிரேக்க அளவுகளில் எழுதிய இரு சிறு படைப்புகளில் ஒன்று, ஆர்க்கிடாசின் இந்த என்ஹார்மோனிக் கட்டின்மேல் எழுந்தது. சம இடைவெளிச் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு, டோரியன், பிரிஜியன் என்ற கிரேக்கச் சுர வரிசைகளின் பெயர்களை மட்டும் கடன் வாங்குவதைவிட இதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து. அந்தப் பெயர்களுக்கு இன்று வழங்கும் பொருள்கூட இடைக்காலத் தேவாலய இசையிலிருந்து வந்ததுதான்.

குறிப்பிட்ட ஒரு ஹெர்ட்ஸ் எண்ணைப் பண்டையோரின் நோய்தீர்க்கும் அதிர்வெண் என்று பரப்புவது மூடநம்பிக்கையே. கிரேக்கர்கள் அளந்தது விகிதங்களை. நொடிக்கு இத்தனை அதிர்வு என்று எண்ணும் வழி அவர்களிடம் இருக்கவில்லை.

சுருதியை மாற்றும் வசதியுள்ள கீபோர்டு வைத்திருப்பவர்கள், ஒரு கட்டையை அடிப்படையாகக் கொண்டு, (கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணி) அதற்கு அடுத்த கட்டையை 37 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு), அதற்கும் அடுத்ததை 88 சென்ட், அடிப்படையிலிருந்து ஐந்தாம் அரைச்சுரத்தை 2 சென்ட் இறக்கினால், அந்த நான்கு சுரங்களும் கைக்கு வந்துவிடும்.