காது தப்பிவிடும், தூக்கம்தான் தப்பாது

விமானங்கள் தாழ்வாகப் பறக்கும் பகுதியில் குடியிருப்பவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே பயத்தோடுதான் வருகிறார்கள்: "டாக்டர், இந்தச் சத்தத்தில் காது போய்விடுமா?" கேட்புத்திறன் சோதனை செய்து பார்த்தால் பலருக்கு வயதுக்கேற்ற அளவில் சரியாகவே இருக்கும். அதில் வியப்பில்லை. 85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரம், வருடக்கணக்கில் வேலை செய்பவர்களுக்குத்தான் காது கெடும் ஆபத்து அதிகம். தலைக்கு மேலே போகும் விமானமோ அரை நிமிடம் இரைந்துவிட்டுப் போய்விடுகிறது.

அப்பாடா என்று எழுந்திருப்பவரை உட்காரச் சொல்லி, ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்பேன். "அதெல்லாம் பழகிவிட்டது, சத்தம் காதிலேயே விழுவதில்லை" என்பார். கூட வந்த மனைவி சிரிப்பார். விடிய விடியப் புரண்டு படுப்பவர் பக்கத்தில் படுப்பது அவர்தானே!

மனசு பழகிக்கொள்ளும், உடம்பு அவ்வளவாகப் பழகாது. கண் விழிக்காவிட்டாலும் விமானம் கடக்கும்போது இதயத்துடிப்பு கூடும், இரத்த அழுத்தம் சற்று ஏறும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமாகிவிடும். காலையில் எதுவும் நினைவில் இருக்காது, அசதி மட்டும் இருக்கும். ஐரோப்பாவில் ஆறு பெரிய விமான நிலையங்களைச் சுற்றி வசிப்பவர்களிடம் நடத்தி 2008-இல் வெளியான 'ஹைனா' ஆய்வில், இரவு விமானச் சத்தம் கூடக்கூட உயர் இரத்த அழுத்தமும் கூடுதலாகக் காணப்பட்டது. அதனால் இப்படி வருபவர்களுக்கு நான் காதைப் பார்த்த கையோடு பிரஷரும் பார்த்துவிடுகிறேன்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கவலை தருவது. மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடி வேறிடத்தில் புதியதைத் திறந்தார்கள். பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மேம்பட்டன. புதிய இடத்துப் பிள்ளைகளுக்கு அவை பின்தங்கின. பிள்ளை படிக்கவே மாட்டேன் என்கிறான் என்று திட்டுவதற்கு முன்னால், அவன் எந்த நேரத்தில், எந்த அறையில் உட்கார்ந்து படிக்கிறான் என்று பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவு நேரச் சராசரிக்குச் சாலை இரைச்சல் என்றால் 45 டெசிபல், விமான இரைச்சல் என்றால் 40 டெசிபல் என்று எல்லை வைத்தது. ஆனால் சராசரி என்பதே கொஞ்சம் ஏமாற்றும். நடு இரவில் நான்கு விமானங்கள் தூக்கத்தைக் கெடுத்தாலும், மீதி நேரத்து அமைதி கலந்து எண் குறைந்துவிடும். ஆகவே புகார் எழுதும்போது 'எப்போதும் சத்தம்' என்று எழுதாதீர்கள். தேதி, மணி, நிமிடம், இறங்கியதா ஏறியதா என்று குறித்து அனுப்புங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதும் முக்கியம். காற்றை எதிர்த்துத்தான் விமானங்கள் ஏறும், இறங்கும். காற்று திரும்பினால் ஓடுபாதையைப் பயன்படுத்தும் திசையும் மாறும். ஒரு வாரம் நிம்மதி, மறு வாரம் தொல்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உயரத்தைக் கண்ணால் கணித்து எழுத வேண்டாம், பெரிய விமானம் எப்போதும் தாழ்வாகவே தெரியும். வழக்கமான 3 டிகிரி சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் ஏறக்குறைய 260 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அது விதிமீறல் ஆகாது. அதற்கும் நன்றாகக் கீழே பறந்தால் ஏன் என்று கேட்டு எழுதலாம்.

காதடைப்பான் போட்டும் பயனில்லை என்பவர்களை என் முன்னாலேயே போடச் சொல்வேன். பாதிப் பேர் காது வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நுரைப்பஞ்சை மெல்லிய குச்சி போல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே, பின்னால் இழுத்துக்கொண்டு செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அடித்தொண்டை உறுமல் போன்ற சத்தம் அப்போதும் கொஞ்சம் கேட்கும். கூர்மையான இரைச்சல் நன்றாகக் குறையும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், வாயில் போட்டால் மூச்சடைக்கும். காதில் சீழ் வடிபவர்கள் எங்களைக் கேட்காமல் போடக் கூடாது. ஏற்கெனவே காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் உள்ளவர்களுக்கு, காதை அடைத்ததும் அது பெரிதாகக் கேட்கும். அவர்கள் காதடைப்பானை விட்டுவிட்டு மின்விசிறியை ஓட விடலாம், அல்லது படுக்கையை விமானப் பாதைக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றிப் பார்க்கலாம்.