கடலடியில் கருத்த மரம்

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர், பழம்பொருள் சந்தையில் வாங்கிய கறுப்பு புரோச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார். விற்றவர் அதை 'ஜெட்' கல் என்றாராம். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை, பிளாஸ்டிக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று கேட்கிறார். கனமில்லாதது நல்ல அறிகுறி ஐயா, கறுப்புக் கண்ணாடிப் போலி இல்லை என்பதற்கு. ஜெட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.3 மடங்குதான், கண்ணாடிக்கு 2.5 மடங்கு. கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: கண்ணாடி சில்லென்று இருக்கும், ஜெட் இருக்காது. மெருகிடாத பீங்கானில் மெல்லத் தேய்த்தால் பழுப்புக் கோடு விழும். வல்கனைட் என்ற கடின ரப்பரில் செய்த போலிகளும் உண்டு. அவை வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பேறிவிடும். அச்சில் வார்த்த விளிம்புத் தடமும் தெரியும். ஜெட்டை வார்க்க முடியாது, செதுக்கத்தான் முடியும். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், நகைதான் பாழாகும்.

இத்தனை லேசாக இருப்பதற்குக் காரணம், அது மரம் என்பதே. அரௌகேரியா குடும்பத்து மரம். நம் ஊர்த் தொட்டிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கிறோமே, அந்த நார்ஃபோக் தீவு பைனும் இதே குடும்பம்தான். உலகின் பெயர்பெற்ற ஜெட், இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷையரில் விட்பி என்ற கடலோர ஊரைச் சுற்றியுள்ள செங்குத்துப் பாறைகளில் கிடைக்கிறது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 18 கோடி ஆண்டுகள். ஜுராசிக் காலத்தின் முற்பகுதி.

கடலில் விழுந்த மரம் வழக்கமாக மட்கிப் போய்விடும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது ஆக்சிஜன். அது இருக்கும்வரை மரத்தைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் அந்தக் காலத்தில் விட்பிப் பகுதிக் கடலின் அடிநீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. ஆறுகள் அடித்து வந்த கட்டைகள் மிதந்து, நீர் ஊறி, மூழ்கி, கருஞ்சேற்றில் புதைந்தன. ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை மெதுவாகச் சிதைக்க, செல்களுக்கு விறைப்புத் தரும் லிக்னின் பெரிதும் தங்கியது. செல்லுலோஸின் துணையை இழந்த கட்டை மென்மையாகியது. மேலே சேறு அடுக்கடுக்காய்ப் படியப் படிய, ஒவ்வொரு செல்லும் நசுங்கி, உள்ளே இருந்த வெற்றிடம் மூடிக்கொண்டது. உருண்டையான அடிமரம் தட்டைப் பலகையாகியது; இன்றும் ஜெட் பெரும்பாலும் பலகை வடிவில்தான் கிடைக்கிறது. சுற்றியிருந்த சேறோ பாசிகளின் எச்சம் நிறைந்தது. பூமிக்குள் சூடேறியபோது அதிலிருந்து கசிந்த எண்ணெய்ப் பொருள்கள் மரத்துக்குள் ஊறின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜெட்டில் ஹைட்ரஜன் மிகுந்திருப்பதும், அது உதிராமல் இறுகியிருப்பதும் அதனால்தான்.

மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், கசங்கிய ஆண்டு வளையங்கள் இன்னும் தெரியும்! சில கட்டைகளில் நடுப்பகுதி மட்டும் சிலிக்காவாக, அதாவது மணலின் மூலப்பொருளாக, மாறியிருக்கும். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாய்க் கிடக்கும் மரங்களுக்கு நேர்ந்தது அதுதான்: மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. ஜெட்டிலோ மரத்தின் சொந்தக் கார்பனே எஞ்சியிருக்கிறது. நிலக்கரியும் தாவரக் கார்பன்தான் என்றாலும், அது சதுப்பில் குவிந்த பலவகைத் தாவரங்களின் அடுக்கு. தொட்டால் கையில் ஒட்டும், எளிதில் உதிரும். ஜெட் ஒரே கட்டை. துளையோ இழையோ இல்லாமல் சீராக இறுகியதால், எந்தத் திசையிலும் செதுக்கலாம், கண்ணாடி போல மெருகேற்றலாம். அதிலுள்ள, கார்பன் அணுக்கள் வளையமாய்க் கோத்த மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் விழுங்குகின்றன. மெருகிட்ட பரப்போ, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி அனுப்புவது 4 பங்கு. ஆழ்ந்த கருமையின் மேல் அந்தப் பளபளப்பு அமர்ந்திருப்பதுதான் ஜெட்டின் அழகு.

வெண்கலக் காலத்திலேயே பிரிட்டனில் ஜெட் மாலைகள் இருந்தன. ரோமானியர்கள் யார்க் நகரில் கொண்டை ஊசிகளும் கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல் பெண் மெடூசாவின் முகம் செதுக்கிய பதக்கங்களும் செய்தார்கள். 1861 டிசம்பர் 14 அன்று கணவர் இளவரசர் ஆல்பர்ட் இறக்க, பிரிட்டனின் விக்டோரியா மகாராணி 1901இல் தாம் இறக்கும்வரை துக்க உடையைக் களையவில்லை. துக்கத்துக்கு ஏற்ற நகையாக நாடு முழுவதும் ஜெட் பரவ, விட்பியில் பட்டறைகள் பெருகின. மலிவான கறுப்புக் கண்ணாடியும் வல்கனைட்டும், மாறிய ரசனையும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தத் தொழிலை நசுக்கிவிட்டன.

கம்பளியில் தேய்த்தால் ஜெட் மின்னேற்றம் பெற்று வைக்கோல் துணுக்கை இழுக்கும். காரணம் தெரியாத காலத்தில் அதற்கு மந்திர சக்தி கற்பித்ததை நான் குறை சொல்லமாட்டேன். அதன் புகை பாம்பை விரட்டும் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். ஸ்பெயினில் கண்ணேறு படாமலிருக்கக் குழந்தைகளுக்கு ஜெட்டில் முஷ்டி வடிவத் தாயத்து கட்டினார்கள். ஆனால் காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும் இன்று, 'எதிர்மறை ஆற்றலை உறிஞ்சும் கல்' என்று சொல்லி விலையேற்றி விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. துயரத்தில் இருப்பவர்கள்தான் அதை வாங்குகிறார்கள்.

மரங்களைப் புதைத்த அந்த விட்பிக் கடலில் ஆக்சிஜன் ஏன் குறைந்தது? இன்றைய தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் அப்போது நடந்த பெரும் எரிமலைப் பெருக்கு காற்றில் கார்பன் டை ஆக்சைடைக் கொட்டி, பூமியைச் சூடாக்கியதே முக்கியக் காரணம் எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1960 முதல் இன்றைய கடல்களும் தம் ஆக்சிஜனில் சுமார் 2 சதவீதத்தை இழந்திருக்கின்றன. விட்பிப் பாறையைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பிரித்து, ஆக்சிஜன் போனதும் எந்த உயிரினம் முதலில் மறைந்தது, எது திரும்பி வந்தது, அதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய வேலைக்கு நிதி கேட்டால் 'இதனால் என்ன பயன்' என்று கேட்கும் குழுக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மீன்பிடியை நம்பிக் கோடிக்கணக்கானோர் வாழும்போது, இந்த ஆய்வுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.