மண்ணுக்குக் கிடைத்த 18 நாட்கள்

பெய்ஜிங்கின் பழைய அரண்மனைக்குத் தெற்கே, சற்று மேற்காக, சுன் யாட்சென் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அதற்குள் சதுரமான ஒரு கல்மேடை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் அரசர் காலத்தில் கட்டியது. மண்ணுக்கும் தானியத்துக்கும் பேரரசர்கள் பூசை செய்த இடம். மேடையில் விக்கிரகம் எதுவும் கிடையாது. மண்தான் பரப்பியிருக்கிறது, ஐந்து நிறங்களில்: கிழக்கே பச்சை, தெற்கே சிவப்பு, மேற்கே வெள்ளை, வடக்கே கறுப்பு, நடுவில் மஞ்சள்.

கிழக்கு மரத்துக்கு, தெற்கு தீக்கு, மேற்கு உலோகத்துக்கு, வடக்கு நீருக்கு என்பது சீனர்களின் கணக்கு. நடுவிலிருக்கும் மஞ்சள்தான் மண். கொட்டியிருப்பது ஐந்துமே மண். ஆனால் ‘மண்’ என்ற பதவி நடுவில் இருப்பதற்கு மட்டும்தான். இந்தக் குழப்பத்துக்குள்தான் விஷயமே இருக்கிறது.

ஐம்பூதம் நமக்குப் பழகியது. அதனாலேயே இங்கே கால் இடற வாய்ப்பு அதிகம். நம் பட்டியல், உலகம் எவற்றால் ஆனது என்று சொல்கிறது. சீனப் பட்டியலில் காற்றும் இல்லை, ஆகாயமும் இல்லை. மரமும் உலோகமும் உண்டு. அதன் பெயர் ‘வூ சிங்’. ‘வூ’ என்றால் ஐந்து. ‘சிங்’ என்றால் நடத்தல், செல்லுதல். ஆக, பொருள்களைவிட அவற்றின் போக்குகளைப் பற்றிய பட்டியல் அது. மிகப் பழைய சீன ஆவணத் தொகுப்பு ஒன்றில் இந்த ஐந்தின் இயல்பும் வருகிறது: நீர் நனைத்துக் கீழே இறங்கும். தீ எரிந்து மேலே ஏறும். மரம் வளையும், நிமிரும். உலோகம் இளகி வேறு வடிவம் கொள்ளும். மண்ணின் முறை வந்ததும் நடை மாறிவிடுகிறது: மண் என்றால் விதைப்பும் அறுப்பும்.

மற்ற நான்கும் தாமாக ஏதோ செய்கின்றன. மண்ணோ, மனிதன் தன்மேல் செய்வதற்கு இடம் கொடுக்கிறது. ஒன்றைப் போட்டால் அதை வேறொன்றாக்கித் திருப்பித் தருகிறது. மண்ணுக்குச் சொல்லப்பட்ட சுவை இனிப்பு. சர்க்கரையின் இனிப்பில்லை, தானியத்தை மெல்லும்போது ஊறும் இனிப்பு.

ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசையில் தீயின் சாம்பல் மண்ணாகிறது, மண்ணுக்குள்ளிருந்து உலோகம் வருகிறது. ஒன்றை ஒன்று அடக்கும் வரிசையில் மண் கரைகட்டி நீரை நிறுத்துகிறது, மரம் வேர்விட்டு மண்ணைப் பிளக்கிறது. இதுவரை சிக்கலில்லை. இந்த ஐந்தையும் ஆண்டின் பருவங்களோடு பொருத்தப் பார்த்தபோதுதான் கணக்கு உதைத்தது. வசந்தம் மரம், கோடை தீ, இலையுதிர் காலம் உலோகம், குளிர்காலம் நீர். பருவங்கள் தீர்ந்துவிட்டன, மண் மிச்சம் நிற்கிறது.

இதற்கு இரண்டு தீர்வுகள் பிறந்தன. கோடையின் கடைசியை ‘நீள்கோடை’ என்று தனியாக வெட்டி மண்ணுக்குக் கொடுப்பது ஒன்று. ஈரமும் புழுக்கமுமாகப் பயிர் முற்றும் காலம் அது. மற்றது இன்னும் நுட்பமானது, எனக்குப் பிடித்தது. ஆண்டை 360 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு 90. ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாட்களை மண்ணுக்கு எடுத்துவிட்டால் அந்தந்தப் பருவத்துக்கு மிஞ்சுவது 72. மண்ணுக்கும் நான்கு முறை 18, அதாவது 72. ஐந்துக்கும் சரிபங்கு! மண்ணுக்கென்று தனிப் பருவம் இல்லை. ஆனால் அதன்மேல் கால் வைக்காமல் ஒரு பருவம் இன்னொன்றாக மாற முடியாது. வசந்தம் நேரே கோடைக்குள் குதிப்பதில்லை, நடுவில் 18 நாட்கள் மண்ணாக இருந்துவிட்டுத்தான் போகிறது. அரசு அலுவலகத்தில் ஐந்து பேருக்கு நான்கு நாற்காலி என்றால் எந்த எழுத்தரும் இதைவிடச் சாமர்த்தியமாகச் சமாளித்திருக்க மாட்டார்.

இந்தக் கணக்கு ஜப்பானில் இன்றும் நடப்பில் இருக்கிறது. அங்கே இந்த 18 நாட்களுக்கு ‘தோயோ’ என்று பெயர். கோடைத் தோயோ, சூரியன் வான்வட்டத்தில் 117 பாகையைத் தொடும்போது தொடங்குகிறது. ஜூலை 20ஐ ஒட்டி வரும். 135 பாகையில், ஆகஸ்ட் 7 வாக்கில், இலையுதிர் காலம் பிறந்ததும் முடிந்துவிடும். தோயோ நாட்களில் மண்ணைத் தோண்டக் கூடாது, அஸ்திவாரம் போடக் கூடாது என்பது பழைய வழக்கம். மண் ‘பணியில்’ இருக்கிறதல்லவா! கோடைத் தோயோவில் வரும் எருது நாளன்று ஜப்பானியர் விலாங்கு மீனைச் சுட்டு உண்கிறார்கள். 12 விலங்குகளின் பெயரில் நாட்கள் சுழல்வதால், 18 நாட்களுக்குள் சில ஆண்டுகளில் எருது நாள் இருமுறை வந்துவிடும். மீன் கடைக்காரர்களுக்கு அந்த ஆண்டு யோகம்தான்.

உடம்புக்குள் மண்ணின் இடம் இரைப்பையும் மண்ணீரலும். தமிழில் அந்த உறுப்பின் பெயரிலேயே மண் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து உடனே உறவு கொண்டாடிவிட வேண்டாம். சீன மருத்துவம் சொல்லும் மண்ணீரல், உணவை உடம்பின் வலுவாக மாற்றித் தரும் ஒரு வேலையின் பெயர். நவீன உடற்கூறியலில் மண்ணீரல் பழைய சிவப்பணுக்களைக் களைகிறது, நோய் எதிர்ப்பில் பங்கு வகிக்கிறது. செரிமானத்தில் அதற்கு வேலை இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆனால் அந்தப் பழைய கருத்து வெறும் அட்டவணையாக மட்டும் இருந்துவிடவில்லை. 1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டார்கள். முற்றுகை தளர்ந்த பிறகு உள்ளே மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். குளிர்க்காய்ச்சல் என்று எண்ணி மருத்துவர்கள் வியர்க்க வைத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். லி காவ் என்ற மருத்துவர் மறுத்தார். மாதக்கணக்கில் பட்டினி, அச்சம், ஓயாத அலைச்சல். இவர்களுடைய ‘மண்’ அல்லவா போயிருக்கிறது, இன்னும் வெளியேற்றினால் உயிர் எப்படி நிற்கும் என்பது அவர் வாதம். அவர் 1251இல் இறந்தார். அவர் வழிவந்த மருத்துவர்களுக்கு ‘மண்ணுக்கு வலுவூட்டுவோர்’ என்றே பெயர் ஏற்பட்டது. நோயின் காரணத்தை அவர் விளக்கிய விதத்தை இன்று ஏற்க முடியாது. பட்டினி கிடந்தவனுக்குப் பேதி கொடுக்காதே என்பதை ஏற்காமல் இருக்கவும் முடியாது.

அரசியலும் மண்ணை விட்டுவைக்கவில்லை. சின் வம்சம் தன்னை நீர் என்று சொல்லிக் கறுப்பைத் தரித்தது. அடுத்து வந்த ஹான் வம்சத்தின் பேரரசர் வூ, கி.மு. 104இல், நீரை அடக்கும் மண் நாங்கள் என்று அறிவித்து மஞ்சளுக்கு மாறினார். பிற்கால ஹான் அரசர்கள் மனம் மாறித் தங்களைத் தீ என்றார்கள். தலைநகர் லோயாங்கின் பெயரை எழுதும் எழுத்தில் நீரைக் குறிக்கும் பகுதி இருந்ததால் எழுத்தையே மாற்றினார்கள். கி.பி. 220இல் வந்த வெய் அரசு தன்னை மண் என்றது. மண்ணுக்கு நீர் வேண்டும், நீர் பட்டால்தான் அது இளகும் என்று காரணம் சொல்லி, பழைய எழுத்து திரும்பி வந்தது. முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு காரணம் தேடினால் எந்தக் கோட்பாடும் இப்படி வளைந்துகொடுக்கும்.

இதை அந்தக் காலத்திலேயே கண்டு நகைத்தவரும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங், விலங்குகளை வைத்து மடக்கினார். எருதும் ஆடும் மண்ணின் விலங்குகள், பன்றி நீரின் விலங்கு என்கிறீர்கள். மண் நீரை வெல்லுமென்றால், எருதும் ஆடும் ஏன் பன்றியைக் கொல்வதில்லை?