கலரிசம் என்ற சொல்லும் அதற்குத் தமிழும்

அமெரிக்கக் கறுப்பினத்தவரைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘ரேசிசம்’ வந்தால் சிக்கலில்லை. இனவெறி என்று எழுதிவிடலாம். ‘கலரிசம்’ வந்தால்தான் கை நிற்கிறது. பெரும்பாலும் ‘நிறவெறி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அது பொருந்தாது என்பது என் கட்சி.

ஒரே இனத்தவரையே தோல் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்று பார்த்து மேலும் கீழுமாக நடத்துவதுதான் கலரிசம். அண்ணன், தம்பி இருவரும் கறுப்பினத்தவர் என்றால் இனவெறி இருவரையும் வாசலிலேயே நிறுத்தும். கலரிசம் வெளுத்த அண்ணனுக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கறுத்த தம்பியை நிற்கவைக்கும்.

நிறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘கலர்’ ஆனது. அதோடு ‘இசம்’ ஒட்டிய இந்தச் சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியவர் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர். 1982இல் எழுதி, 1983இல் தன் தொகுப்பில் சேர்த்த கட்டுரை ஒன்றில் இதற்கு இலக்கணம் சொன்னார்: ஒரே இனத்தைச் சேர்ந்தவர்களை நிறத்தை மட்டும் வைத்துத் தாழ்வாகவோ சலுகையாகவோ நடத்துவது. இதில் ‘சலுகை’ என்ற பாதியை மறந்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

வாக்கருக்கு முன்பே மக்கள் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருந்தது: ‘கலர் ஸ்ட்ரக்’. வெளுத்த தோல்மீது பித்துப் பிடித்தவர் என்று பொருள். சோரா நீல் ஹர்ஸ்டன் 1926இல் வெளியான தன் நாடகத்துக்கு இதையே தலைப்பாக வைத்தார். கறுத்த பெண்ணான தன்னை ஒருவன் நிஜமாகவே காதலிக்க முடியும் என்று நம்ப முடியாமல் வாழ்க்கையைத் தொலைப்பவள் அதன் நாயகி.

இந்தப் பித்து எங்கிருந்து வந்தது? 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. அடிமைப் பெண்களை முதலாளிகள் பலவந்தப்படுத்தியதால் பிறந்த பிள்ளைகள் முதலாளியின் சொத்தாகவே வளர்ந்தார்கள். அப்படி வெளுப்பாகப் பிறந்தவர்களில் சிலருக்கு வயலுக்குப் பதிலாக வீட்டு வேலையும் கைத்தொழிலும் கிடைத்தன. சிலருக்கு விடுதலையே கிடைத்தது. அதனால் 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது கொஞ்சம் படிப்பும் சொத்தும் கையில் இருந்தவர்களில் வெளுத்தவர்கள் அதிகம். நிறத்துக்கு மதிப்பு கூடியதற்கு இதுவே அடித்தளம். அழகுணர்ச்சி என்பதெல்லாம் பிறகு வந்த சமாதானம்.

அரசாங்கமும் தன் பங்குக்குத் தரம் பிரித்தது. 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘முலாட்டோ’ என்று கலப்பினத்தவருக்குத் தனிப் பிரிவு வந்தது. 1890இல் அதற்கும் மேலே போய், கால்பங்கு கறுப்பு, அரைக்கால் பங்கு கறுப்பு என்றெல்லாம் எழுதச் சொன்னார்கள். கத்தரிக்காய் நிறுக்கிற மாதிரி. 1930இல் இவை போய், ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பினம்தான் என்றாயிற்று. ஏட்டில் எல்லோரும் ஒன்றானார்கள். சமூகத்துக்குள் தரவரிசை அப்படியே நின்றது. கையில் நரம்பு நீலமாகத் தெரியும் அளவுக்கு வெளுத்தவர்களின் ‘நீல நரம்புச் சங்கங்கள்’ பற்றியும், பழுப்புக் காகிதப் பையைவிடக் கறுத்தவர்களை உள்ளே விடாத விருந்துகள் பற்றியும் நிறையப் பேசுவார்கள். பை சோதனைக்கு எழுத்துச் சான்று குறைவு, வாய்மொழி நினைவுகளே அதிகம். ஆனால் அந்த நினைவு இத்தனை பேரிடம் இருப்பதே ஒரு சேதிதான்.

சரி, ‘நிறவெறி’ ஏன் பொருந்தாது? முதல் காரணம், தென்னாப்பிரிக்காவின் பழைய ஆட்சியைப் பற்றி எழுதி எழுதி அந்தச் சொல்லை அங்கேயே குடியமர்த்திவிட்டோம். இரண்டாவது, ‘வெறி’யில் வெறுப்பு மட்டுமே இருக்கிறது. வாக்கர் சொன்ன சலுகை அதில் இல்லை. ‘வெயிலில் விளையாடாதே, கறுத்துப்போவாய்’ என்று பேத்தியைக் கூப்பிடும் பாட்டியிடம் இருப்பதை வெறி என்று சொல்ல வாய் வராது. ஆனால் அது கலரிசம்தான்.

சிலர் ‘உள்நிறவெறி’ என்று எழுதலாமே என்பார்கள். இது இன்னும் பெரிய தவறு. வாக்கரின் இலக்கணத்தில் நடத்தப்படுபவர்கள்தான் ஒரே இனத்தவர். நடத்துபவர் யார் என்று அவர் கட்டுப்படுத்தவில்லை. வட கரோலினாச் சிறைகளில் இருந்த கறுப்பினப் பெண்களைப் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, வெளுத்த நிறத்தவர் என்று பதிவானவர்களுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவான தண்டனை கிடைத்திருந்ததைக் கண்டது. தண்டனை கொடுத்தது நீதிமன்றம், சொந்தக்காரர்கள் இல்லை. ‘அவர்களுக்குள் நடக்கும் சண்டை’ என்று இதை ஒதுக்கிவைப்பது, தரம் பிரிக்கத் தொடங்கியவர்களுக்குத்தான் வசதி.

அமெரிக்கச் சட்டமும் இந்த வேறுபாட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. 1964 குடிமை உரிமைகள் சட்டம் வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும்போது ‘இனம், நிறம்’ என்று இரண்டையும் தனித்தனியே எழுதுகிறது. கறுத்த மேலதிகாரிமீது வெளுத்த கறுப்பினப் பெண் தொடுத்த வழக்கில், ஒரே இனத்துக்குள்ளும் நிறப் புகார் செல்லும் என்று 1989இல் ஜார்ஜியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ஏற்றது.

ஆகவே என் தேர்வு ‘தோல்நிறப் பாகுபாடு’. வெறுப்பு, சலுகை இரண்டுக்கும் பாகுபாடு இடம் கொடுக்கிறது. ‘தோல்’ சேர்வதால் இனத்தோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. நீளம்தான், ஆனால் பொருள் சிதறவில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. தமிழில் ‘கறுப்பு’ இனத்தின் பெயராகவும் வருகிறது, நிறத்தின் அளவாகவும் வருகிறது. நல்ல கறுப்பு நிறப் பெண்களைச் சொல்ல வாக்கர் ‘பிளாக்’ என்ற சொல்லையே இரட்டித்து எழுதினார். நமக்கு ‘கறுகறு’ என்று இரட்டைக்கிளவி தயாராக இருந்தாலும் அதில் கேலி தொனிக்கும். இனத்துக்குக் ‘கறுப்பின’, நிறத்துக்குக் ‘கறுத்த’, ‘வெளுத்த’ என்று பிரித்துக்கொள்வது நல்லது. ‘சிவப்பான பெண்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மணமகள் தேவை விளம்பரம் படிக்கிற நமக்குப் புரியும், அமெரிக்கக் கதையில் செவ்விந்தியர் ஆகிவிடுவார். இப்படிப் பாகுபாடு பார்ப்பவரை ஆங்கிலத்தில் ‘கலரிஸ்ட்’ என்பதுண்டு. அதையும் அப்படியே எடுக்க வேண்டாம், கோடம்பாக்கத்தில் அந்தப் பெயரில் படத்துக்கு நிறம் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள்.