கதவு பிடிக்கும் ஊரில் மரத்தரை

போன கார்த்திகையில் திருவான்மியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "பெட்ரூம் தரையைக் கொஞ்சம் பாருடா, கால்ல என்னமோ நெருடுது" என்றாள். புது வீடு. மற்ற அறைகளில் டைல்ஸ், படுக்கையறையில் மட்டும் ஆசையாசையாகப் போட்ட மரத்தரை. குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையும் நடுவில் லேசாகக் குழிந்து, இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. குறுக்கே ஓர் அடி ஸ்கேலை வைத்தால், நடுவில் ஏ.டி.எம். கார்டு தாராளமாக நுழைகிறது.

அத்தான் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். "பத்து நாளா மழை. மரம்னா உப்பத்தானே செய்யும்?"

பாதிதான் சரி. மரம் உப்பும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மழைதான் காரணம் என்றால் பலகை முழுவதும் ஒரே சீராக அல்லவா உப்பியிருக்க வேண்டும்? ஏன் ஓரம் மட்டும் தூக்குகிறது?

ஐப்பசி பிறந்தால் நம் வீட்டுக் கதவுகள் நிலையில் பிடித்துக்கொள்ளும். பங்குனியில் தானாகவே விட்டுவிடும். கதவின் அகலம்தான் மாறுகிறதே தவிர உயரம் மாறுவதில்லை என்பதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்களின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. காற்றிலிருந்து வரும் நீர் மூலக்கூறுகள் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. இழை நீள்வதில்லை, இழைக்கூட்டம் தடிக்கிறது. தளர்ந்த கயிற்றுக் கட்டிலில் தண்ணீர் தெளித்தால் கயிறு விறைப்பதும் இதே கதைதான்.

எண்ணில் சொன்னால் இன்னும் விளங்கும். பச்சை மரத்தை முழுக்க உலர்த்தினால் வெள்ளை ஓக் மரம் அதன் ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 10.5 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 5.6 சதவீதம். நீளத்திலோ 0.2 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். தேக்கு இந்த விஷயத்தில் உத்தமன், வளையத்தின் போக்கில்கூட 5.8 சதவீதம்தான். கப்பலுக்கும் நிலைக்கதவுக்கும் தேக்கைத் தேடியதற்குக் கறையான் எதிர்ப்போடு இதுவும் ஒரு காரணம்.

மரத்துக்குள் எவ்வளவு நீர் இருக்கும் என்பதைச் சுற்றியிருக்கும் காற்றுதான் முடிவுசெய்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 சதவீத நீரோடு அமைதி கொள்ளும். 70 சதவீதம் என்றால் 13. 80 என்றால் ஏறக்குறைய 16. தொழிற்சாலையிலிருந்து தரைப்பலகை வரும்போது பொதுவாக 6 முதல் 9 சதவீதம்வரை நீர் இருக்கும். அதைக் கொண்டுவந்து கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டில் பிரித்து வைக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். 12 அடி அகல அறை. முழு ஓக் மரப்பலகை. மரத்துக்குள் இருக்கும் ஈரம் 7-லிருந்து 13 சதவீதமாக ஏறினால், எல்லாப் பலகைகளும் சேர்ந்து விரிய விரும்பும் அளவு கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர்! அவ்வளவு இடம் எந்தச் சுவரும் தராது. தரை நடுவில் கூடாரம்போல எழும்பிவிடும், அல்லது பலகைகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும்.

இங்கேதான் 'எஞ்சினியர்டு வுட்' என்று கடையில் சொல்லும் பலகை வருகிறது. பெயர்தான் பெரிது, தத்துவம் நம் பிளைவுட்டுடையதுதான். மேலே 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை அசல் ஓக்கோ தேக்கோ. மலிவான சரக்கில் 0.6 மில்லிமீட்டர் தோல் மட்டும். அதற்குக் கீழே மெல்லிய மரத்தகடுகள், ஒன்றின் நார் கிழக்கு மேற்காக ஓடினால் அடுத்தது வடக்கு தெற்காக. ஒவ்வொரு தகடும் தன் அகலத்தில் விரியப் பார்க்கிறது. ஆனால் அந்தத் திசையில் ஒட்டியிருக்கும் பக்கத்துத் தகட்டின் நீளம் கிடக்கிறது, அதுவோ அசையாது. ஒன்றின் அகலத்தை இன்னொன்றின் நீளம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதே 12 அடி அறையில் நல்ல பிளைவுட் அடிப்பலகை ஈரம் ஏறும்போது விரிவது 7, 8 மில்லிமீட்டர்தான். சுவரோரம் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தரை போடச் சொல்வது இதனால்தான். ஸ்கர்ட்டிங் பலகை அந்த இடைவெளியை மூடிவிடும். அதையும் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையோடு சேர்த்து அல்ல.

ஸ்வீடனில் நிப்ரோ என்ற ஊரில் இருக்கும் கேர்ஸ் நிறுவனம் 1941-ல் இப்படி அடுக்கிய தரைப்பலகைக்குக் காப்புரிமை பெற்றது. அந்த ஊர்க்காரர்களின் தொல்லை நமக்கு நேர் எதிர். குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்குவார்கள், உள்ளே காற்று காய்ந்துபோகும், பலகைகள் சுருங்கி இடையில் சந்து விடும். சுருக்கத்தைத் தடுக்கக் கண்டுபிடித்த உத்தியே நம் ஊரில் உப்பலைத் தடுக்கிறது. இழைக்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே கணக்குதானே.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை இது. விரியத் துடிக்கும் மரத்தைப் பிடித்து வைத்திருக்கும் விசை முழுவதும் பசையின் தலையில்தான் விழுகிறது. அதனால் நம் ஊரில் மேலே என்ன மரம் என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே என்ன பசை என்று கேட்க வேண்டும். பிளைவுட் கடையில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு ரகம் சொல்வார்களே, அதே பாகுபாடு இங்கேயும் பொருந்தும். முதலாவதில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, ஈரத்தை ஓரளவுதான் தாங்கும். இரண்டாவதில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு, கொதிநீருக்கும் அசையாதது. மரநாரை அழுத்திச் செய்த ஹெச்.டி.எஃப். நடுப்பகுதி உள்ள பலகைகளும் விற்கிறார்கள். விலை குறைவு, மட்டமும் அழகாக இருக்கும். ஆனால் ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் ஏறி ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழையபடி அமுங்காது. கடலோர வீட்டுக்கு நான் அதை வாங்கமாட்டேன்.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். அவள் வாங்கியது நல்ல பலகைதான். 14 மில்லிமீட்டர் கனம், மேலே 3 மில்லிமீட்டர் ஓக். பின் ஏன் குழிந்தது?

ஒரு பலகையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் வெவ்வேறு ஈரத்தில் இருந்தால் அது வளைந்தே தீரும். அடியில் ஈரம் அதிகமானால் அடிப்பக்கம் விரியும், ஓரங்கள் தூக்கும். மேல்பக்கம் ஏ.சி.யில் காய்ந்து சுருங்கினாலும் அதே வடிவம்தான் வரும். நோய் இரண்டு, அறிகுறி ஒன்று. பிரித்தறிய ஒரு வழி உண்டு. மேலே காய்ந்ததால் வந்த குழிவு என்றால் பலகைகளுக்கிடையே சந்து தெரியும், மேல்தோலில் மயிரிழை விரிசல்கூட ஓடியிருக்கும். அடி ஈரம் என்றால் பலகைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அக்கா வீட்டில் இரண்டு பலகைக்கு நடுவே விசிட்டிங் கார்டு முனையைக்கூடச் செருக முடியவில்லை.

ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, ஓரப்பலகை ஒன்றைத் தூக்கினோம். பூட்டிய வீட்டைத் திறந்ததும் வருமே, அந்த வாடை. அடியில் போட்டிருந்த ஃபோம் விரிப்பின் கீழ்ப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. விரிப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அப்படியே பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் பாலிதீன் ஷீட் கிடையாது. விசாரித்ததில், தரை மட்டம் சரியில்லை என்று 2 அங்குல சிமென்ட் கலவை போட்டு, ஐந்தே வாரத்தில் மேலே மரத்தை விரித்துவிட்டார்கள். கிரகப்பிரவேசத் தேதி நெருங்கிவிட்டதாம்.

கான்கிரீட் 'செட்' ஆவது வேறு, காய்வது வேறு. 28 நாளில் அதற்குப் பலம் வந்துவிடும், உள்ளிருக்கும் நீர் போகாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. அதுவும் காற்று உலர்ந்திருந்தால்தான். இதில் யாரும் சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது: சுற்றியிருக்கும் காற்றைவிட அதிகமாகக் கான்கிரீட்டால் காய முடியாது. மரத்தரை போட வேண்டுமானால் கான்கிரீட்டுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று பெரும்பாலும் வரம்பு வைக்கிறார்கள். அறைக்காற்றே ஐப்பசி கார்த்திகையில் 80-ஐத் தாண்டும்போது, ஜன்னலைத் திறந்துவைத்து எத்தனை மாதம் காத்திருந்து என்ன பயன்? ஜன்னலைச் சாத்தி, ஏ.சி.யோ ஈரநீக்கியோ போட்டுத்தான் காயவைக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தரையில் பாலிதீன் துண்டை ஒட்டி மறுநாள் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. வியர்த்திருந்தால் நிச்சயம் ஈரம். வியர்க்காவிட்டால் எதுவும் நிச்சயமில்லை, ஈரம் ஆழத்தில் பதுங்கியிருக்கலாம். முறையான சோதனையில் கலவையின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே ஈரப்பதம் அளக்கும் உணரியை வைத்து மூடி, ஒரு நாள் கழித்து எண்ணைப் படிப்பார்கள். தரைக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை, ஆனால் கேட்டால் பல ஒப்பந்தக்காரர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அப்புறம் பாலிதீன். 150 மைக்ரான் கனம், ஷீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், இணைப்பில் டேப் ஒட்ட வேண்டும், சுவரோரம் கொஞ்சம் மேலே மடித்துவிட வேண்டும். ஃபோம் அதற்கு மேல்தான்.

பலகைகளை வீட்டில் சில நாள் 'பழகவிட' வேண்டும் என்று ஒரு சாஸ்திரம் உண்டு. நல்ல சாஸ்திரம்தான், ஆனால் எந்தக் காற்றுக்குப் பழகுகிறது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். பக்கத்து அறையில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஏ.சி. மாட்டாத வீட்டில் பெட்டியைத் திறந்துவைத்தால், பலகை ஈரம் குடிக்கத்தான் பழகும். பூச்சு, பெயின்ட், பாத்ரூம் வேலை எல்லாம் முடிந்து, வீடு வாழப்போகும் நிலைக்கு வந்த பிறகு கடைசி ஆளாகத்தான் மரத்தரை உள்ளே வர வேண்டும். பெட்டியைப் பிரித்து வைப்பதா, மூடியே வைப்பதா என்பதைத் தயாரிப்பாளர் பெட்டிமேல் எழுதியிருப்பார். அதைப் படிக்காமல் மேஸ்திரி சொல்வதைக் கேட்காதீர்கள்.

தரை போட்ட பிறகு வரும் எதிரி மழையைவிட ஏ.சி. ஸ்விட்ச்தான் என்பேன். ராத்திரி முழுக்க 24 டிகிரியில் ஓடிய அறை. காலையில் எழுந்ததும் ஏ.சி.யை அணைத்து, நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கிறோம். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளியாகிவிடும். உள்ளே தரை 24-ல் இருக்கிறது. ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் தரையிலும் நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஏ.சி.யை நிறுத்தி ஒரு மணி நேரமாவது கழித்து, தரை குளிர் விட்ட பிறகு ஜன்னலைத் திறந்தால் போதும். மழைக்காலத்தில் குளிர்கிறது என்று ஏ.சி.யைத் தொடாமலே இருப்பதும் தவறு. 'டிரை மோடு' என்று ரிமோட்டில் ஒன்று இருக்கிறதே, பலரும் தொடாத பட்டன், அதைத் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டலாம். அறை ஈரப்பதம் 45-க்கும் 60-க்கும் நடுவே ஆடினால் பலகை நிம்மதியாக இருக்கும்.

வாளித் தண்ணீரில் ஃபினாயில் ஊற்றிச் சொட்டச் சொட்டத் துடைக்கும் நம் வழக்கத்துக்கு இந்த அறையில் இடமில்லை. பலகைகளின் மேல்பூச்சு தண்ணீரைத் தாங்கும், இணைப்புகள் தாங்காது. மைக்ரோஃபைபர் துணியை ஒட்டப் பிழிந்து, துடைத்த இடம் ஒரு நிமிஷத்துக்குள் காயும் அளவுக்கு மட்டும் ஈரம் போதும். நீராவி மாப் கூடவே கூடாது. வேலைக்கு வரும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் மொத்தத் திட்டத்திலேயே கடினமான கட்டம் என்கிறாள் அக்கா. ஏ.சி.யின் வடிகால் குழாய் அடைத்துச் சுவரோரம் சொட்டுவதையும் பூந்தொட்டியின் அடித்தட்டையும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். ஸ்கர்ட்டிங் ஓரம் மண்கோடு தெரிந்தால் கறையான். மாவுபோலப் பொடி உதிர்ந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. இரண்டுக்கும் ஆளைக் கூப்பிடத் தாமதிக்கக்கூடாது.

ஓரம் தூக்கியதைப் பார்த்ததும் தரை போட்டவர் சொன்ன வைத்தியம், "மெஷின் வச்சு இழைச்சுடலாம் சார்." வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தூக்கிய ஓரத்தை இழைத்து மட்டமாக்கிவிட்டால், அடியீரம் காய்ந்து பலகை நிமிரும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். 3 மில்லிமீட்டர் ஓக்கில் பாதி தூளாகப் போயிருக்கும்.

அவர்களுடையது பசை போடாமல், பலகையோடு பலகை கொக்கி மாட்டிப் பரப்பிய தரை என்பதால் பிழைத்தது. எல்லாவற்றையும் வரிசையாக எண் போட்டுக் கழற்றி, பக்கத்து அறையில் இடையில் குச்சி வைத்து அடுக்கினோம். ஜன்னலைச் சாத்தி, வாடகைக்கு எடுத்த ஈரநீக்கியை இரவும் பகலும் ஓட்டினார்கள். அதன் தொட்டியில் முதல் வாரம் தினமும் சேர்ந்த தண்ணீரைப் பார்த்து அத்தான் வாயடைத்துப்போனார். தை பிறந்த பிறகு கான்கிரீட் 75-க்குக் கீழே வந்தது. பாலிதீன் விரித்து மறுபடி மாட்டியதில் நான்கு பலகைகள் மட்டும் நிமிரவில்லை, புதிதாக வாங்கினார்கள். இப்போது படுக்கையறையில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஈரப்பதமானி தொங்குகிறது. காலையில் நாள்தாளைக் கிழிக்கும்போதே அக்கா அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு அறுபத்தி ரெண்டு, டிரை மோடு போடுங்க" என்று குரல் கொடுக்கிறாள்.