ஸ்கீ செத்துப்போச்சாம், முழங்கால் மட்டும் ஏன் அறுகிறது?

சுவிசில் எல்லோரும் ஸ்கீ என்கிற பனிச்சறுக்குக்குப் போகும் பெப்ரவரி விடுமுறை முடிந்த கிழமைகளில் எங்கள் பிசியோதெரபி நிலையத்தில் ஒரு கட்டிலும் காலியாக இருக்காது. இந்த வருடமும் அப்படித்தான். வேலை கூடியதில் எனக்கு வருத்தமில்லை. 'கிரொய்ஸ்பாண்ட்' என்று இங்கே எல்லோரும் சொல்லும் முழங்கால் தசைநார் அறுந்து, ஊன்றுகோலோடு வரும் நம்மவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டால்தான் எரிச்சல் வருகிறது. "ஸ்கீயை இப்ப சுவிஸ்காரனே விட்டிட்டான் தங்கச்சி. மலை வெறுமையாக் கிடக்கும், ஆறுதலாச் சறுக்கிப் பாப்பம் எண்டுதான் போனனான்" என்றார் கடைசியாக வந்த அண்ணை. பக்கத்து வீட்டு முதியவர் ஸ்கீயை விட்டுவிட்டாராம். அவருடைய பழைய பலகையும் சப்பாத்தும் இவருக்கு இலவசமாகக் கிடைத்திருக்கின்றன. விழுந்தபோது பலகை கழரவில்லை, முழங்கால் முறுகியது.

ஸ்கீ அழிந்துகொண்டிருக்கிறது என்ற கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. நம் வீட்டு விருந்துகளில் அது முடிந்துபோன விஷயம்போலவே பேசப்படுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஜப்பானில் உண்மையிலேயே விழுந்துவிட்டது. 1990களில் அங்கே ஸ்கீ பெரிய மோகமாக இருந்தது. தோக்கியோ அருகே ஃபுனபாஷியில் 1993இல் பிரம்மாண்டமான உள்ளரங்கச் சறுக்குமலையே கட்டினார்கள். 2002இல் அதை மூடினார்கள். இன்று அங்கே பனிச்சறுக்குப் போகிறவர்கள் அந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவிலோ நேரெதிர்: 2022/23 பருவத்தில் சறுக்குமலைகளுக்கு 65.4 மில்லியன் வருகைகள் பதிவாகின, அதுவரை இல்லாத எண்ணிக்கை. சீனாவில் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி ஒரு புதிய தலைமுறையே பனிக்கு வந்தது. ஷங்காயில் 2024இல், அப்போது உலகிலேயே பெரியதாக இருந்த உள்ளரங்கப் பனி மையத்தைத் திறந்தார்கள்.

சுவிஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2008/09க்குப் பிறகு பத்து ஆண்டுக்குள் மலைகளுக்கு வருகிறவர்களின் தொகை ஏறக்குறைய கால்வாசி குறைந்தது உண்மை. அதற்குக் காரணம் விளையாட்டு அலுத்துப்போனது மட்டுமல்ல. 2015 ஜனவரியில் தேசிய வங்கி, யூரோவுக்கு எதிராகச் சுவிஸ் நாணயமான பிராங்குக்கு வைத்திருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. ஒரே நாளில் பிராங்கின் பெறுமதி ஏறியது, சுவிஸ் விலை கட்டுப்படியாகாமல் ஜெர்மன்காரரும் டச்சுக்காரரும் ஆஸ்திரியாவுக்குத் திரும்பினார்கள். பனியில்லாத டிசம்பர்களும் சேர்ந்துகொண்டன. அப்புறம் எண்ணிக்கை ஓரளவு மீண்டது. 2020இல் எடுத்த விளையாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஸ்கீ செய்கிறார். அதையா 'விட்டிட்டான்' என்கிறீர்கள்?

சரி, கூட்டுத்தொகை குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நீங்கள் நிற்கும் பாதை வெறுமையாக இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. 800 மீற்றருக்குக் கீழே பனி இருக்கும் நாட்கள் 1970இலிருந்து பாதியாகிவிட்டன. ஊருக்குப் பின்னால் ஒரு இழுவைக் கயிறோடு இருந்த சின்னச் சின்ன மலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அங்கே பழகிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் உயரமான மலைகளுக்கு, அதுவும் அதே விடுமுறைக் கிழமைகளில், போய்ச் சேர்கிறார்கள். நாடு முழுவதற்குமான எண்ணிக்கை இறங்கும்போதே அந்தப் பாதையில் நெரிசல் ஏறலாம். முன்பு குளிர்காலம் முழுக்க ஊர் மலையில் சறுக்கியவர் இப்போது வருடத்தில் ஒரே ஒரு கிழமை போகிறார். தொடை பலமிழந்து கிடக்கும், வேகம் மட்டும் பழைய ஞாபகத்தில் வரும். என் கட்டிலில் படுப்பவர்களில் பாதிப் பேர் இந்த ரகம், சுவிஸ்காரர்கள். மீதியில்தான் நம்மவர்கள்.

பனி மெத்தை மாதிரி என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். சுவிஸ் சறுக்குப் பாதைகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தால் பனி தூவக்கூடியவை. அந்தப் பனி, வானத்திலிருந்து புதிதாக விழுந்ததைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. இரவு உறைந்து காலையில் சீமெந்துத் தரையாக இருக்கும்.

இனி அந்த இலவசப் பலகை. கோபம் வந்தால் மன்னியுங்கள், ஆனால் பழைய சாமான் விற்கும் புரொக்கிக் கடையிலும் பக்கத்து வீட்டு நிலவறையிலும் இருந்து வரும் ஸ்கீதான் இந்த 'ஸ்கீ அழியுது' கதையின் மிக ஆபத்தான பக்கவிளைவு. சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் கொளுவி, விழும்போது தானாகக் கழர வேண்டும். எந்த விசையில் கழர வேண்டும் என்பதை உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றைப் பார்த்துக் கடையில் இயந்திரத்தில் வைத்துச் சரிசெய்வார்கள். எண்பது கிலோ எடையுள்ள, நாற்பது வருடம் சறுக்கிய மனிதருக்குச் சரிசெய்த கொளுவி, முதல்முறை ஏறும் அறுபது கிலோக்காரருக்குக் கழராது. பழைய பிளாஸ்டிக் சப்பாத்து வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் உளுத்துப்போய் மலையில் வைத்தே வெடிக்கும்.

தொழில்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: கொளுவி நல்லதாக வந்தபின் கணுக்காலும் முன்னங்கால் எலும்பும் தப்பித்தன, முழங்கால் மாட்டிக்கொண்டது. கொளுவி எலும்பைக் காப்பாற்றவே வடிவமைக்கப்பட்டது. மெதுவாக, பின்பக்கம் சாய்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்தபடி விழும்போது தசைநாருக்கு அது காவலில்லை. அதனால் சரியாகச் செப்பனிட்ட கொளுவி இருந்தாலும் அறுகிறது. செப்பனிடாததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் விழுந்துவிடுங்கள். பாதி விழுந்த நிலையில் எழும்ப முயலாதீர்கள்.

முதல் தடவையா? வாடகைக்கு எடுங்கள். உண்மையான எடையைச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு ஐந்து கிலோ குறைக்க வேண்டாம். 'நல்லாச் சறுக்குவன்' என்று கடைக்காரரிடம் பெருமை பேசவும் வேண்டாம், அந்தப் பெருமை அப்படியே கொளுவியின் இறுக்கத்தில் போய்ச் சேரும். சொந்தப் பலகை என்றால் வருடம் ஒரு முறை கடையில் சோதித்து, சோதித்ததற்கான ஒட்டியைக் கேட்டு வாங்குங்கள். அரை நாளாவது ஸ்கீப் பள்ளிக்குப் போங்கள். மச்சான் கற்றுத்தருவார் என்று மட்டும் கிளம்பாதீர்கள். உங்களுக்கு முன்னால் கீழே சறுக்குகிறவருக்கே முன்னுரிமை, அவரை இடித்தால் பிழை உங்களுடையது. நிற்பதானால் பாதையின் ஓரத்தில் நில்லுங்கள், நடுவில் நின்று குடும்பப் படம் எடுக்காதீர்கள். தலைக்கவசத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, அதை இப்போது பெரும்பாலும் எல்லோரும் போடுகிறார்கள். களைப்பு வந்தபின் 'கடைசியா ஒருக்கா' என்று ஏறாதீர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அழிகிற விளையாட்டுக்கு எதற்கு லாகர் (முகாம்) என்று பிள்ளையைப் பள்ளி ஸ்கீ முகாமிலிருந்து மறிக்காதீர்கள். ஆசிரியரோடு, சரியான சாமானோடு, பத்து வயதில் பழகுகிற பிள்ளை நாற்பது வயதில் என்னிடம் வருவதற்கான வாய்ப்புக் குறைவு. காசும் பெரிய சாட்டில்லை. கட்டாய முகாமென்றால் சாப்பாட்டுச் செலவாக நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க் வரைதான் பெற்றோரிடம் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

மலைக்குப் போகுமுன் காப்புறுதியைப் பாருங்கள். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அங்கேயே காப்புறுதி உண்டு. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது மருத்துவக் காப்புறுதியில் சேர்த்திருக்க வேண்டும். அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியை, அதுவும் வருடத்துக்கு 5000 பிராங்க் வரைதான் தரும். ஹெலிகொப்டர் வந்தால் மீதியை யார் கட்டுவது என்று இப்போதே வீட்டில் பேசுங்கள்.

விழுந்தபோது முழங்காலுக்குள் 'டக்' என்று கேட்டதா, இரண்டு மூன்று மணிக்குள் வீங்கியதா? எழும்பிச் சறுக்கி இறங்காதீர்கள், பாதைக் காவலரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து எண்ணெய் தடவி உருவி, சூட்டு ஒத்தடம் கொடுத்து, மூன்று கிழமை கழித்து 'இன்னும் நோகுது தங்கச்சி' என்று வராதீர்கள். அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். மற்றக் காலில் சுமையை ஏற்றி நடந்து அதையும் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்வதுதான் எங்களுக்கு மிகக் கஷ்டமான வேலை.