ஒத்ததிர்வு: ஊசலிலிருந்து ரோ மேசான் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், 'ரெசோனன்ஸ்' என்பதை மலாய்ப் பாடநூலில்தான் முதலில் சந்திக்கிறார்கள். அதற்கு நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது: ஒத்ததிர்வு. இலங்கைப் பாடநூல்களில் பரிவு என்பார்கள். அதுவும் அழகான சொல்.

இலத்தீனில் 'ரெசோனாரே' என்றால் மீண்டும் ஒலித்தல். வேரை மட்டும் பிடித்துக்கொண்டால் எதிரொலி என்றுதான் பெயர்க்க வேண்டியிருக்கும். இயற்பியலுக்கு அது உதவாது. நான்காம் படிவத்தில் செய்யும் பார்ட்டன் ஊசல் சோதனையைப் பாருங்கள். கிடையாகக் கட்டிய ஒரு கயிற்றில் வெவ்வேறு நீளமுள்ள நூல்களில் தாள் கூம்புகளும், ஒரு கனமான குண்டும் தொங்குகின்றன. குண்டை ஆட்டிவிட்டால் எல்லாக் கூம்புகளும் அசைகின்றன. ஆனால் குண்டின் நூலுக்குச் சம நீளமுள்ள கூம்பு மட்டும் மிக அகலமாக வீசி ஆடுகிறது. அதிர்வெண் ஒத்துப்போனதால் வந்த பேரசைவு அது.

துகள் இயற்பியலுக்கும் இதே சொல் அப்படியே பொருந்துகிறது. பையான்கள் என்பவை அணுவைவிட மிகச் சிறிய துகள்கள். இரண்டு பையான்கள் ஒன்றையொன்று சிதறடிக்கும்போது, அவற்றின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 775 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை (துகள் இயற்பியலின் ஆற்றல் அலகு) நெருங்கினால் சிதறல் திடீரென உயர்ந்து, பிறகு தாழ்கிறது. வரைபடத்தில் தெரியும் அந்த மேடுதான் 1961இல் கண்டறியப்பட்ட ரோ மேசான் என்ற துகள். மேட்டின் அகலம் சுமார் 149 மெகா எலக்ட்ரான் வோல்ட். அகலம் கூடினால் ஆயுள் குறையும். ரோவின் ஆயுளை நொடியில் எழுதினால், தசமப் புள்ளிக்குப் பின் 23 சுழியங்களைத் தாண்டித்தான் 4 வருகிறது. எந்தக் கருவியிலும் அது தடம் பதிக்காது. (கிரேக்க 'மேசோஸ்', அதாவது நடு, என்பதிலிருந்து வந்த 'மேசோட்ரான்' என்ற பெயரை 1939இல் மேசான் என்று திருத்தியவர் ஹோமி பாபா.)

இந்த மேட்டைச் சோதனைக்கூடம் இல்லாமல், இத்துகள்களின் உட்கூறுகளான குவார்க்குகளின் விதியிலிருந்தே கணக்கிட்டு எடுக்க முடியுமா? இயற்பியலாளர் கென்னத் வில்சன் 1974இல் அதற்கு வழி வகுத்தார். எங்கள் செம்பனைத் தோட்டங்களில் கன்றுகளை முக்கோணமாக அளந்து நடுவார்கள். வில்சனின் அணிக்கோவையோ (கணக்கிடுவதற்காகப் புள்ளிகளை ஒழுங்காக அடுக்கிய வலை) சதுர நடவு, அதுவும் இடத்தின் மூன்று திசைகளோடு காலத்தையும் சேர்த்து நான்கு திசைகளில். சிக்கல் என்னவென்றால், கணினியில் ஓடும் காலம் கற்பனை எண்ணாலானது. துகள்கள் மோதிச் சிதறுவதை அங்கே நேரில் பார்க்க முடியாது. மார்ட்டின் லூஷர் என்ற இயற்பியலாளர் இதற்குக் கண்ட விடை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. சிறு பெட்டிக்குள் அடைபட்ட இரு பையான்கள் குறிப்பிட்ட ஆற்றல்களை மட்டுமே ஏற்கும். ஒன்றோடொன்று வினைபுரியும்போது அந்த ஆற்றல்கள் சற்றே இடம்பெயரும். அந்தப் பெயர்ச்சியிலிருந்து சிதறலின் கட்டக் கோணத்தை, அதாவது சிதறலால் துகளின் அலை எவ்வளவு நகர்ந்தது என்பதை, பெற்றுவிடலாம். ரோவைப் போன்ற தெளிவான ஒத்ததிர்வில் அக்கோணம் 90 பாகையைக் கடந்து ஏறும்.

கணக்கில் பையானின் நிறையை வேண்டுமென்றே கூட்டலாம். அது ரோவின் நிறையில் பாதியைத் தாண்டினால் ரோவால் இரு பையான்களாகச் சிதைய முடியாது. அப்போது அது ஒத்ததிர்வு அல்ல, நிலையான துகள்.

வேதியியலில் பென்சீனுக்குச் சொல்லும் 'ரெசோனன்ஸ்' வேறு. அங்கே எதுவும் அதிர்வதில்லை. அதை உடனிசைவு என்றே எழுதுங்கள்.